கூட்டுப் பணியில் பிழை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?

பலர் கூடிச் செய்யும் தொழிலில் லாபம் கிடைத்தால் அதை எவ்வாறு பிரித்துக்கொள்வது என்பதற்குச் சட்டம் இருக்கிறது, துணைவிதிகள் இருக்கின்றன. பங்குத்தொகைக்கு இவ்வளவு, சேமநிதிக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு காரியதரிசியும் அறிவார். ஆனால் பிழை நேர்ந்தால் அதன் பொறுப்பை எவ்வாறு பிரித்துக்கொள்வது என்பதற்குச் சங்கங்கள் பெரும்பாலும் பழக்கத்தை நம்பியே நடக்கின்றன. அந்தப் பழக்கம் நல்ல பழக்கமாக இல்லை என்பதே நம் கருத்து.

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும் நமக்கு, பிழைக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் இரண்டு விதமான விடைகளே கிடைக்கின்றன. ஒரு முறை துவைத்ததும் சாயம் வெளுத்துப் போன சேலை ஒன்று விற்பனை நிலையத்திலிருந்து திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நூல் வாங்கியவர், சாயமிட்டவர், நெய்தவர், சங்கத்தில் துணியைச் சோதித்து வாங்கியவர் ஆகிய நால்வரையும் கேட்டால், பொறுப்பு எல்லோருக்கும்தான் என்பது முதல் விடை. எல்லோருக்கும் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் இல்லை என்பதே அதன் பொருள். இரண்டாவது விடை இதற்கு நேர்மாறானது. யார் எளியவரோ அவர் தலையிலே பாரத்தை ஏற்றுவது. தக்காளிக் கூடை எடை குறைந்தால் தராசின் அருகில் நின்ற பையன்; பேரேட்டில் தொகை மாறினால் எழுத்தர்; சாயம் வெளுத்தால் நெசவாளியின் கூலியில் பிடித்தம். முதல் விடையில் பிழைக்கு உடையவர் இல்லை. இரண்டாவது விடையில் பிழைக்கு ஒரு பலி கிடைத்துவிடுகிறது. இரண்டிலும் பிழை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடுத்த பருவத்தில் தவறாமல் மீண்டும் வருகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டா? உண்டு என்பதற்கு, தறிக்கும் தோட்டத்துக்கும் வெகு தொலைவிலுள்ள ஒரு கூட்டுத் தொழிலை இம்மாதம் உதாரணமாகக் காட்ட விரும்புகிறோம். அது லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்தின் கெர்னலை உருவாக்கும் தொழில்.

கணினிக்கும் கைத்தறிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் நினைக்கலாம். குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரம் நின்று பார்த்தால் சம்பந்தம் விளங்கும். ஒருபுறம் மாந்தோப்பும் ராகிக் கொல்லையும். மறுபுறம் சிப்காட் தொழிற்பேட்டை. நெசவாளியின் மகனும் விவசாயியின் மகளும் ஓசூர் ஆலைகளுக்கும் பெங்களூரின் கணினி நிறுவனங்களுக்கும் இந்தச் சாலையிலேதான் பஸ் ஏறுகிறார்கள். அதுவன்றியும், 2022 ஜூன் மாதத்தில் மத்திய அரசு நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. பேரேட்டின் இடத்தில் கணினி வந்துகொண்டிருக்கிறது. கணக்கில் பிழை வந்தால், கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுகிறது என்னும் மூன்றாவது விடையும் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே கணினித் தொழிலாளர் தம் பிழைகளை எவ்வாறு நடத்துகிறார்கள் என்பதை அறிந்துகொள்வது நமக்கு அவசியம்.

கெர்னல் என்பது யாது? மாங்கொட்டையை உடைத்தால் உள்ளே பருப்பு இருக்கிறதல்லவா, அதுபோலக் கணினியின் இயங்குதளத்துக்கு உள்ளே இருக்கும் பருப்பு அது. திரையில் நாம் காணும் எழுத்தும் படமும் அதன்மேல் இருப்பவை. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், எந்த வேலைக்கு எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பனவற்றையெல்லாம் முடிவு செய்வது இந்தக் கெர்னலே. மற்ற இடத்தில் பிழை நேர்ந்தால் ஒரு வேலை நிற்கும். இங்கே பிழை நேர்ந்தால் இயந்திரமே நிற்கும்.

லினக்ஸ் கெர்னலை 1991 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக் கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் தொடங்கினார். அன்று சுமார் பத்தாயிரம் வரிகளாயிருந்த அது இன்று மூன்று கோடி வரிகளுக்கு மேல் வளர்ந்திருக்கிறது. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் பங்கு கொள்கிறார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் சேருகின்றன. இவர்கள் ஒரே முதலாளியின் ஆட்கள் அல்லர். ஒன்றோடொன்று போட்டியிடும் கம்பெனிகளின் ஊழியர் பலர். சொந்த ஆர்வத்தால் செய்பவர் சிலர். பெங்களூரிலிருந்து உழைப்போர் பலர். தமிழ்ப் பெயர்களும் அவர்கள் பட்டியலில் காணப்படுகின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே வேலை நடக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் உள்ளேயும் இந்தக் கெர்னல் இருக்கிறது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007 இல் வெளியிட்ட பாஸ் என்னும் இந்திய இயங்குதளமும் இதன்மேல் அமைந்ததே. உலகின் மிக வேகமான 500 கணினிகள் என்று பட்டியலிடப்படுபவை அனைத்தும் 2017 நவம்பர் முதல் இதையே கொண்டு இயங்குகின்றன. இவ்வளவு பேர் கை வைக்கும் பண்டத்தில் பிழை வராமலிருக்குமா? நாள்தோறும் வருகிறது. அதனை அவர்கள் கையாளும் முறைதான் நாம் கவனிக்க வேண்டியது.

முதலாவதாக, அங்கே பெயரில்லாத வேலை ஒன்றும் சேர்க்கப்படுவதில்லை. மாற்றம் ஒன்றை எழுதியவர் அதன் கீழே தம் பெயரை ஒப்பமிட வேண்டும். அதை ஏற்று மேலே அனுப்பும் பகுதிப் பொறுப்பாளரும் தம் பெயரை அதன் கீழே ஒப்பமிட வேண்டும். படித்துச் சரிபார்த்தவர், இயந்திரத்தில் சோதித்தவர் ஆகியோர் பெயர்களும் சேர்கின்றன. இந்த ஒப்பமுறை 2004 இல் வந்தது. முந்திய ஆண்டில் எழுந்த உரிமை வழக்கு ஒன்றினால், எழுதிய வரிகளைக் கொடுக்கும் உரிமை தமக்கு உண்டு என்று கொடுப்பவர் உறுதி கூறும் பொருட்டு ஏற்பட்டது. ஆயினும் அதனால் விளைந்த பெரிய நன்மை, ஒவ்வொரு வரியும் யார் யார் கை வழியாக வந்தது என்பது எக்காலத்துக்கும் தெரிகிறது என்பதே.

நம் பால் சங்கங்களில் இதே தத்துவம் என்றும் உள்ளது. பாலைப் பொதுக் கேனில் ஊற்றும் முன்பே ஒவ்வொருவர் பாலிலும் மாதிரி எடுக்கிறோம். ஊற்றிய பின் சோதித்தால் கேன் முழுவதும் கெட்டது தெரியும். யாருடைய பால் என்பது தெரியாது. பொறுப்பைக் கண்டறியும் வேலையைப் பொதுவில் கலப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். ஆனால் நூல் வழங்கும் போதும், சாயத் தொட்டியிலும், பட்டுக்கூடு எடை போடும் இடத்திலும் இந்த ஒழுங்கு எத்தனை சங்கங்களில் இருக்கிறது?

இரண்டாவதாக, கெர்னலின் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்பதற்குப் பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. எவரும் அதைப் படிக்கலாம். அதில் நாம் மிகவும் மெச்சுவது, பொறுப்பாளர் இல்லாத பகுதியை மறைக்காமல் அநாதை என்றே எழுதி வைத்திருப்பதுதான். எப்போதாவது கிடைக்கும் நேரத்தில் மட்டும் ஒருவர் கவனிக்கும் பகுதி என்றால் அப்படியே குறிக்கிறார்கள். நம் சங்கங்களின் பணிப் பங்கீட்டுத் தாளில் அநாதை என்னும் சொல்லை நாம் கண்டதில்லை. ஆனால் அநாதைகளைக் கண்டிருக்கிறோம். மழைக்கு ஒழுகும் கிடங்கின் சாவி, முத்திரையிடாத எடைக்கற்கள், காலாவதியான உரமூட்டைகள் ஆகியவற்றுக்குத் தாளில் ஒரு பெயர் இருக்கும். நடைமுறையில் ஒருவரும் இருக்கமாட்டார். இல்லாத பொறுப்பாளரை இருப்பதாகக் காட்டுவதைவிட, இடம் காலி என்று எழுதுவது நேர்மை. அதுவே அந்த இடத்துக்கு ஆள் தேடும் வழியும் ஆகும்.

மூன்றாவதாக, பிழையைக் கண்டு சொன்னவருக்கு அங்கே மரியாதை உண்டு. பிழை திருத்தப்படும் போது, அறிவித்தவர் இன்னார் என்னும் வரி அத்திருத்தத்தோடு சேர்த்து எழுதப்படுகிறது. திருத்தியவர் பெயர் எவ்வளவு காலம் நிற்குமோ அவ்வளவு காலம் அறிவித்தவர் பெயரும் நிற்கும். நம்மிடையே மகாசபையில் எழுந்து ஐந்தொகையில் ஒரு தொகை சரியில்லை என்று சொல்லும் அங்கத்தினருக்குக் கிடைக்கும் பட்டம் யாது? கலகக்காரர் என்பது. சங்கத்தின் பெயரைக் கெடுக்க வந்தவர் என்பது. கெடுத்தது பிழையா, அதைச் சொன்ன வாயா என்று நாம் கேட்பதில்லை.

நான்காவதாக, பிழையின் மூலத்தைத் தேடும் முறை. நேற்று ஓடிய இயந்திரம் இன்று ஓடவில்லை. இடையில் பத்தாயிரம் மாற்றங்கள் சேர்ந்திருக்கின்றன. எதனால் கெட்டது? சரியாக நடுவில் உள்ள மாற்றம் வரை எடுத்துக்கொண்டு சோதிக்கிறார்கள். ஓடினால் குற்றம் பின்பாதியில், ஓடாவிட்டால் முன்பாதியில். அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்குகிறார்கள். இவ்வாறு செய்தால் பத்தாயிரத்தில் ஒன்றைப் பதினான்கு சோதனைகளில் பிடித்துவிடலாம். யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மூலம் கிடைத்ததும், இன்ன மாற்றத்தினால் வந்த பிழையை இது திருத்துகிறது என்று திருத்தத்தின் அடியில் எழுதுகிறார்கள். அவ்வரி குறிப்பிடுவது பிழைக்குக் காரணமான மாற்றத்தை. அதை எழுதியவர் யார் என்பது பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் அவரைச் சந்தியில் நிறுத்துவதற்காக அவ்வரி எழுதப்படவில்லை. பழைய பதிப்புகளை வைத்திருப்போருள் யார் யாருக்கு இத்திருத்தம் தேவை என்று அறிவதற்காகவே எழுதப்படுகிறது.

கணக்குச் சரிக்கட்டாத போது அனுபவமுள்ள எழுத்தரும் இதைத்தான் செய்வார். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பாராமல் செப்டம்பர் முடிவில் சரியாயிருந்ததா என்று முதலில் பார்ப்பார். மனிதரைத் தேடும் முன் மாதத்தைத் தேடு என்பதே இதன் சாரம்.

மேலே உள்ளவரின் பிழை எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதே எந்த அமைப்புக்கும் உரைகல். 2016 அக்டோபரில் கெர்னலின் நினைவகப் பகுதியில் பெரும் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. டர்ட்டி கௌ என்று அதற்குப் பெயரிட்டார்கள். பேரேட்டைப் படிக்க மட்டும் உரிமை பெற்றவர் அதில் எழுதவும் முடியும் என்றால் எப்படியிருக்கும்? அத்தகைய ஓட்டை அது. 2007 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ஒன்பது ஆண்டுகளாக அது இருந்துவந்தது. அதைத் திருத்தியவர் டோர்வால்ட்ஸே. திருத்தத்தோடு அவர் எழுதிய குறிப்பில், இது பழைய பிழை என்றும், பதினொரு ஆண்டுகளுக்கு முன் தாமே இதைத் திருத்த முயன்று சரியாகச் செய்யவில்லை என்றும், வேறொரு வகைக் கணினியில் தொல்லை தந்ததால் அத்திருத்தம் பின்னர் நீக்கப்பட்டது என்றும் வெளிப்படையாகப் பதிவு செய்தார். தலைவரின் பெயரைக் காப்பதற்காக வரலாறு திருத்தப்படவில்லை. அவர் கையாலேயே எழுதப்பட்டது. சங்கத் தலைவர்களும் பஞ்சாயத்தார்களும் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

இதே சம்பவம் மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. பார்ப்பவர் பலரானால் பிழை மறைந்திருக்க முடியாது என்பது இத்தொழிலாரின் நெடுநாள் நம்பிக்கை. எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் ஒன்பது ஆண்டுகள் அப்பிழை இருந்தது. பார்க்க உரிமை இருப்பது வேறு, பார்ப்பது வேறு. மகாசபையில் ஐந்தொகையை அங்கீகரிக்கக் கை தூக்குவோர் நூற்றுக்கணக்கானோர். அதைப் படித்தவர் எத்தனை பேர்? திறந்த ஏடு என்பது பாதி. திறந்து படிக்கும் கண் மற்றப் பாதி.

ஐந்தாவதாக நாம் குறிப்பிடுவது, எல்லாவற்றினும் முக்கியமானதாக அவர்கள் போற்றும் விதி. நேற்று வரை பயனாளரிடம் ஓடிக்கொண்டிருந்தது புதிய மாற்றத்தினால் ஓடாமற் போனால், அது கெர்னலின் குற்றமே, பயனாளரின் குற்றமன்று. உங்கள் நிரலை நீங்கள் சரியாக எழுதவில்லை என்று அவரிடம் வாதாடுவதை அங்கே ஏற்பதில்லை. விரைவில் சரிசெய்ய இயலாவிட்டால், மாற்றம் எவ்வளவு அழகானதாயினும் அதைத் திரும்பப் பெற வேண்டும். ஆராய்ச்சி பிறகு, முதலில் பயனாளரின் வேலை நடக்க வேண்டும்.

இந்த விதியை நம் சங்கங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். பயிர்க்கடனைத் தவணையில் கட்டிவிட்டு ரசீதும் கையில் வைத்திருக்கும் ஒரு விவசாயிக்கு, கணக்குகளைக் கணினிக்கு மாற்றியபின் நிலுவை இருப்பதாகத் திரை காட்டுகிறது என்று கொள்வோம். விதைப்புக் காலம் கடக்கிறது. பேரேடு பார்த்துச் சொல்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள் என்று அவரை அனுப்புவது, பிழையின் பாரத்தை அதற்குச் சிறிதும் காரணமில்லாதவர் மீது ஏற்றுவதாகும். லினக்ஸ் தொழிலாரின் விதிப்படி செய்ய வேண்டியது யாது? ரசீதும் பழைய பேரேடும் சரியெனக் காட்டினால் அன்றே அவர் காரியம் நடக்க வேண்டும். கணினியில் எங்கே தவறியது என்ற ஆராய்ச்சி சங்கத்தின் பொழுதில் நடக்க வேண்டும். இதற்கு வழி செய்ய, புதிய முறை நிலைபெறும் வரை பழைய பேரேட்டைக் கட்டிப் பரணில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது இன்றியமையாதது.

மாற்றத்தை ஒரே நாளில் எல்லோர் தலையிலும் இறக்குவதன் தீமையை 2024 ஜூலை 19 ஆம் தேதி உலகம் கண்டது. கிரௌட்ஸ்டிரைக் என்னும் கம்பெனி, விண்டோஸ் கணினிகளின் கெர்னல் மட்டத்தில் இயங்கும் தன் காவல் நிரலுக்கு ஒரு புதுக்குறிப்பை அனுப்பியது. ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் முடங்கின. பெங்களூர், சென்னை உட்பட இந்திய விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் பின்னர் வெளியிடப்பட்டது: 20 கலங்கள் உள்ள படிவத்தை எதிர்பார்த்த நிரலுக்கு 21 கலங்கள் உள்ள படிவம் போய்ச் சேர்ந்தது. சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் அக்குறிப்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் பரவிவிட்டது. முதலில் சிலருக்கு, பின்னர் பலருக்கு என்று படிப்படியாக அனுப்பியிருந்தால் நஷ்டம் சிறியதாயிருக்கும். புதிய சாயத்தை ஒரு பாவில் சோதித்துப் பார்க்காமல் சங்கத்தின் நூல் முழுவதையும் தொட்டியில் இறக்குகிறவர் எவரேனும் உண்டா?

இனி, இத்தொழிலாரிடம் நாம் கொள்ளக்கூடாதவையும் உள. அவற்றையும் சொல்லாவிட்டால் நம் கருத்து ஒருபுறம் சாய்ந்ததாகும். பயனாளருக்குத் தொல்லை தரலாகாது என்னும் விதியை நிலைநாட்டுவதற்காக 2012 டிசம்பரில் டோர்வால்ட்ஸ் பகுதிப் பொறுப்பாளர் ஒருவரை எல்லோரும் படிக்கக் கடுஞ்சொற்களால் ஏசினார். இத்தகைய ஏச்சு அங்கே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. சொன்ன விதி சரி. சொன்ன முறை தவறு. ஏச்சுக்கு அஞ்சும் இடத்தில் நல்லவரும் வாய் திறக்கமாட்டார். புதியவர் வரவே மாட்டார். 2018 செப்டம்பரில் அவரே தம் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் பணியிலிருந்து விலகியிருந்தார். அதே சமயத்தில் நடத்தை விதிகளும் ஏற்கப்பட்டன. அவர் விலகியிருந்தபோதும் வேலை நிற்கவில்லை. அடுத்த பதிப்பை மற்றொரு மூத்த பொறுப்பாளரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் வெளியிட்டார். தலைவர் ஓய்ந்தாலும் தறி ஓயாத அமைப்பே கூட்டுறவு அமைப்பு.

மற்றொன்று, பிழையும் வஞ்சகமும் ஒன்றல்ல என்பது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் சிலர், குற்றமுள்ள மாற்றங்களைப் பொறுப்பாளர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று அறிவதற்காக 2020 இல் வேண்டுமென்றே அத்தகையவற்றை அனுப்பிப் பார்த்தனர். 2021 ஏப்ரலில் மீண்டும் அங்கிருந்து ஐயத்துக்குரிய மாற்றங்கள் வரவே, அப்பல்கலைக் கழகத்தின் பங்களிப்பையே நிறுத்திவைத்தார்கள். முன்பு அங்கிருந்து வந்த மாற்றங்களையெல்லாம் ஒவ்வொன்றாக மறுபடி சோதித்தார்கள். மிகப் பெரும்பாலானவை நல்லவையே என்று தெரிந்தது. ஆயிரம் தவறு செய்தவருக்கு இடம் கொடுத்த அமைப்பு, தெரிந்தே ஏமாற்றியவருக்கு இடம் கொடுக்கவில்லை. இந்த வேறுபாடு நம் சட்டத்திலும் உண்டு. 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 81 ஆவது பிரிவில் விசாரணைக்கு வழி செய்கிறது. 87 ஆவது பிரிவு, கையாடல், நம்பிக்கை மோசம், வேண்டுமென்றே செய்த அசட்டை ஆகியவற்றால் சங்கத்துக்கு நேர்ந்த நஷ்டத்தை உரியவரிடமிருந்து ஈடு செய்ய வழி செய்கிறது. வேண்டுமென்றே என்னும் அச்சொல்லின் எடையை அங்கத்தினர்கள் உணர வேண்டும். கூட்டலில் தவறியவரையும் கையாடியவரையும் ஒரே கயிற்றில் கட்டினால், தவறியவர் தம் தவற்றை மறைக்கக் கற்றுக்கொள்வார். மறைக்கக் கற்றவர் நாளடைவில் எதற்கும் துணிவார்.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள பெரிய வேற்றுமை ஒன்றையும் மறக்கலாகாது. லினக்ஸ் கெர்னல் எவ்வித உத்தரவாதமும் இன்றி வழங்கப்படுகிறது என்று அதன் உரிம ஆவணமே கூறுகிறது. அதனால் நஷ்டமடைந்தவர் அதை எழுதியவரிடம் ஈடு கேட்க முடியாது. அவர்களுடைய பொறுப்பு மானத்தைப் பற்றியது. நம்முடைய பொறுப்பு பணத்தையும் பற்றியது. ஏழை நெசவாளியின் பங்குத்தொகையும் விதவையின் வைப்புத்தொகையும் நம் கையில் இருக்கின்றன. ஆகவே, பிழைகளை ஒளிவின்றிப் பதிய வேண்டும் என்று நாம் கூறுவதைப் பிழைகளை மன்னித்துவிட வேண்டும் என்று கூறுவதாக எவரும் கொள்ள வேண்டாம். நஷ்டத்தை ஈடு செய்தல் ஒன்று. பிழையின் காரணத்தை அறிதல் மற்றொன்று. முன்னதற்காகப் பின்னதைப் பலியிடக் கூடாது என்பதே நாம் வற்புறுத்துவது.

சரக்கையும் ரொக்கத்தையும் எழுத ஏடு வைத்திருக்கும் சங்கம், பிழைகளை எழுதவும் ஓர் ஏடு வைக்கட்டும். நேர்ந்தது என்ன, கண்டு சொன்னவர் யார், எந்தக் கட்டத்தில் நுழைந்தது, அங்கத்தினருக்கு எப்போது குறை தீர்க்கப்பட்டது, மீண்டும் வராமலிருக்க மாற்றியது என்ன என்னும் ஐந்து கலங்கள் போதும். தலைவரின் பிழையும் எடை போடுபவரின் பிழையும் ஒரே ஏட்டில் ஒரே மையால் எழுதப்பட வேண்டும். மகாசபையில் ஐந்தொகையோடு இந்த ஏடும் படிக்கப்பட வேண்டும். பொறுப்பாளர் இல்லாத பணிகள் எவையென்பதையும் அன்றே படித்து அங்கேயே ஆள் குறிக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.

பிழை ஏட்டில் ஒன்றும் எழுதப்படாத சங்கமே சிறந்த சங்கம் என்று எவரேனும் எண்ணுவாராயின், அவருக்கு நாம் கூறுவது இதுதான். ஓர் ஆண்டு முழுவதும் இழை அறவே அறாத தறி, ஓடாத தறியாகவே இருக்கும். ஓடுகிற தறியில் இழை அறும். அறுந்த இடத்தைக் கண்டு, தறியை நிறுத்தி, முடிந்து, மேலே நெய்பவரே நல்ல நெசவாளி. முடியாமல் நெய்துகொண்டே போனால் துணியில் விழும் கோடு சங்கத்தின் முத்திரையோடு சந்தைக்குப் போகும். இதனை நெசவாளர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சங்க நிர்வாகமும் தறியைப் போன்றதே என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். வரும் மகாசபைக்கு முன்பாகவே நிர்வாகக் குழுவினர் இத்தீர்மானத்தை நிறைவேற்றுவார்கள் என்றும், அங்கத்தினர்கள் அந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பார்கள் என்றும் நம்புகிறோம்.